அங்கியும் கவசமும்

"மந்திரம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிப் பலிச்சா அது விஞ்ஞானம். பலிக்காட்டிப் பொய். ரெண்டில எது எண்டு சொல்லு!" இராஜேந்திரன் கரண்டியால் மேசையில் அடித்தான்.

"அப்ப உன்ர சமையல் எது? அளந்துதான் உப்புப் போடுறாய். ஒரு நாளும் ஒரே மாதிரி வாறேல்லையே," என்றான் புண்ணியமூர்த்தி.

சிவநேசன் ஓடிப்போய் சன்னலைச் சாத்தினான். "மெல்லக் கதையுங்கோடா! கீழ விட்மர் அம்மா இருக்கிறா."

எண்பத்தேழாம் ஆண்டுக் குளிர்காலம். சுவிஸில் பாடன் நகரில் அந்த மாடி வீடு சிவநேசனின் பெயரில் இருந்தது. ஒரே ஒரு படுக்கையறை. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரி விட்மர் அம்மா. அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஞானேஸ்வரி வருகிறாள். கல்யாணமாகிப் பத்தாம் நாளே அவன் விட்டுவர நேர்ந்த மனைவி. சத்தம் என்று விட்மர் அம்மா வீட்டைப் பறித்துவிட்டால் அவளை எங்கே கூட்டிப்போவது? சிவநேசனுக்கு அந்த ஒரு கவலைதான். படுக்கையறையை அவளுக்கும் தனக்கும், கூடத்தைத் தன்னோடு தங்கியிருக்கும் இவர்கள் இருவருக்கும் என்று மனதில் பிரித்து வைத்திருந்தான். இவர்களைப் போகச்சொல்ல அவனால் முடியாது. அகதியாக வந்திறங்கிய முதல் குளிரில் அவனுக்குத் தங்கள் கட்டிலை விட்டுக்கொடுத்தவர்கள்.

சண்டைக்குக் காரணம் ஒரு ஜெர்மன் சித்திரக்கதைப் புத்தகம். பழைய பேப்பர் சேர்க்கும் நாளில் தெருவோரம் கட்டி வைத்திருந்த கட்டொன்றிலிருந்து, பாஷை படிக்கலாம் என்று இராஜேந்திரன் உருவிவந்தது. அதில் நீல அங்கி போட்ட மந்திரவாதியும் மின்கவசம் பூட்டிய இஞ்சினியரும் கூரை மேல் எதிரெதிரே நிற்பதோடு கடைசிப் பக்கம் முடிந்துவிட்டது. வென்றது யார் என்று தெரியாது.

யாழ்ப்பாணத்தில் பௌதிகமும் இரசாயனமும் ரியூசன் போய்ப் படித்த இராஜேந்திரன் கவசத்தின் கட்சி. மட்டக்களப்பான் புண்ணியமூர்த்தி அங்கியின் கட்சி.

"உங்கட ஊரில மந்திரத்தால ஆக்களைப் பாயோட ஒட்ட வைப்பினமாம். எங்க, என்னை இந்தக் கதிரையோட ஒட்டு பாப்பம்!"

"ஒட்டலாம் மனே. பிறகு உன்னைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு ஆர் போறது?"

சிவநேசன் தீர்ப்புச் சொன்னான்: "ரெண்டு பேரும் சமன். விடுங்கோ."

அடுத்த நாள் அடுப்பில் இரண்டு சட்டி ஏறியது. 'சமன்' என்றது இருவருக்குமே அவமானமாகிவிட்டது.

இதை வளரவிடக் கூடாதென்று சிவநேசன் ஸ்டேஷன் கடைக்குப் போய் அடுத்த இதழை வாங்கிவந்தான். மூவரும் தலையோடு தலை முட்டப் பார்த்தார்கள். கதாசிரியர் கூரைச் சண்டையை அப்படியே மறந்துவிட்டு இருவரையும் சந்திரனுக்கு அனுப்பியிருந்தார்.

"ரொக்கெட்டில போயிருக்கினம்," என்றான் இராஜேந்திரன்.

"ரொக்கெட் எங்க கிடக்கு? படத்தில காட்டு."

"மந்திரம் எங்க கிடக்கு? அதைக் காட்டு."

அன்றிரவு விட்மர் அம்மாவின் கூரை, அதாவது இவர்களின் தரை, இரண்டு முறை அதிர்ந்தது. மறுநாள் படியில் அவளைக் கண்டதும் சிவநேசன் தலையைக் குனிந்துகொண்டு வணக்கம் சொன்னான். அவள் புன்னகை செய்தாள். சுவிஸ்காரர் புன்னகை செய்தால் வீட்டை விடச்சொல்லிக் கடிதம் வரப்போகிறது என்று யாரோ சொன்னது அவனுக்கு நினைவு வந்தது.

"வாயால வேண்டாம்," என்றான் கடைசியில். "ஒருக்காச் செய்து காட்டுங்கோ. மேசையில கரண்டி இருக்கு. ஆர் அதைத் தொடாமல் அசைக்கிறானோ அவன்ர கட்சி வென்றது. அதோட முடிஞ்சுது."

சனிக்கிழமை மாலை போட்டி. இராஜேந்திரன் பெரிய ஆணியொன்றில் வயர் சுற்றிக் காந்தம் செய்தான். புண்ணியமூர்த்தி குளித்து, திருநீறு பூசி, கண்ணை மூடி முணுமுணுத்தான். இராஜேந்திரன் வயரின் நுனியைச் சுவரிலிருந்த பிளக்கில் செருகினான்.

'டப்' என்றது. வீடு இருண்டது. படி இருண்டது. கீழே விட்மர் அம்மாவின் தொலைக்காட்சி பாதி வாக்கியத்தில் நின்றது.

"பலிச்சுது!" என்றது புண்ணியமூர்த்தியின் குரல்.

"அது பியூஸ் போனது, மடையா!"

"பியூஸ் ஏன் போச்சுது?"

"நான் வயரைக் குடுத்தன்."

"உன்னைக் குடுக்க வைச்சது ஆர்?"

கதவு தட்டப்பட்டது. டோர்ச் வெளிச்சத்துக்குப் பின்னால் விட்மர் அம்மாவின் முகம் தெரியவில்லை. "ஹெர் சிவநேசன், நாளைக் காலை கீழே வாருங்கள்," என்றுவிட்டு இறங்கிப் போனாள்.

சிவநேசனுக்கு அந்த இரவு தூக்கமில்லை. விடிந்ததும் புண்ணியமூர்த்தி சூட்கேசோடு நின்றான்.

"அண்ணன், இந்த விஞ்ஞானியோட ஒரு கூரைக்குக் கீழ இனி இருக்கேலாது. நான் போறன்."

"டேய், இந்தப் பனிக்க எங்கயடா போறாய்?"

"அவன் போனா நான் ஏன் நிக்கிறன்?" என்று இராஜேந்திரனும் பையைத் தூக்கினான். "இனி நான் இங்க ஆரோட வாதாடுறது? நானும் போறன் அண்ணை."

"வாதாட ஆளில்லையெண்டா நீ வென்றிட்டாயடா! நில்லு!"

நிற்கவில்லை. இருவரும் படியில் கூட அடுத்தவன் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்கள்.

சிவநேசன் முகம் கழுவி, நல்ல சட்டை போட்டு, ஜெர்மனில் மன்னிப்பை மூன்று விதமாக மனனம் செய்துகொண்டு கீழே போனான்.

"சத்தத்துக்கு மன்னியுங்கள். இனி இருக்காது. அவர்கள் இருவரும் போய்விட்டார்கள். என் மனைவி வரப்போகிறாள். வீட்டை மட்டும்..."

விட்மர் அம்மா புரியாமல் பார்த்தாள். "வீட்டுக்கு என்ன? பியூஸ் மாற்றக் காட்டித்தரத்தான் கூப்பிட்டேன்." அவனுடைய உள்ளங்கையில் பீங்கான் பியூஸ் ஒன்றை வைத்தாள்.

வீடு தப்பியது. ஆனால் சிவநேசனின் கண் கலங்கிவிட்டது. "என்னை வாழவைத்த பெடியன்கள், அம்மா. ஒரு புத்தகத்தால் பகையாகி, ஆளுக்கொரு திசையில் எங்கே போய்ப் படுக்கப்போகிறார்களோ!"

"பக்கத்து ஊர் வெட்டிங்கனில், என் தங்கையின் மாடி அறையில்தான், இரண்டு பேரும் ஒன்றாக," என்றாள் விட்மர் அம்மா. "'அண்ணி வரும்போது வீடு அவர்களுக்கு வேண்டும், அண்ணை எங்களைப் போகச்சொல்லவும் மாட்டார், போக விடவும் மாட்டார், அதனால் ஒரு மாதம் சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது' என்று சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து வந்து, சத்தத்துக்கு என்னிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கினார்களே?"