மகனின் முன்ஜாமீனை நான் கெடுத்த விதம்

என் மகன் ஜெயிலுக்குப் போனதற்கு நான்தான் காரணம். முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்திய வாய் செய்த வேலை அது.

ஆத்தூர் பக்கம் எங்களுக்கும் பால்ராஜுக்கும் கூட்டுக் கிணறு. யார் முதலில் மோட்டார் போடுவது என்ற தகராறில் என் மகன் மம்பட்டிக் காம்பால் அடித்துவிட்டான். பால்ராஜுக்குக் கை முறிந்தது. மருமகளுக்கு அப்போது நிறைமாதம். "பிரசவத்தப்ப அவர் பக்கத்துல இருந்தாப் போதும் மாமா" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

திண்டுக்கல்லில் வக்கீலைப் பார்த்தேன்.

"காயம் பெருசுதான் சார். ஆனா பழைய கேஸ் இல்ல, ஓடிப்போற ஆளும் இல்ல. முன்ஜாமீன் கேக்கலாம். சாட்சியை மிரட்டுவாங்களான்னும் கோர்ட்டு பாக்கும். அதனால அடிபட்டவர் இருக்கிற திசைக்கே உங்க வீட்டுல யாரும் போகாதீங்க."

அந்த 'யாரும்' என்பதில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சேரமாட்டார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். (படிச்ச திமிரு, வேறென்ன?) பால்ராஜ் என்னிடம் எட்டாவது படித்தவன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மாவுக்கட்டோடு எழுந்திருக்கப் பார்த்தான். "வாங்க சார்."

"படு, படு. ஏலே, ரொம்ப வலிக்குதா?"

"செத்த நேரம் வலிக்குது, செத்த நேரம் விடுது சார்."

அதோடு திரும்பியிருக்கலாம். "போலீஸ் கேட்டா நடந்ததை மட்டும் சொல்லணும். கூடக்கொறைச்சுச் சொன்ன, தோலை உரிச்சுப்புடுவேன்" என்றேன். வகுப்பில் தினமும் சொன்னதுதான். அவனும் பழக்கதோஷத்தில் "சரி சார்" என்றான். ஆனால் பக்கத்தில் நின்ற அவன் மனைவி என்னிடம் படித்தவள் இல்லை.

மனு விசாரணைக்கு வந்த அன்று அரசு வக்கீல் அவள் கொடுத்த புகாரை வாசித்தார். "மனுதாரரின் தந்தை வார்டுக்குள் வந்து, தோலை உரித்துவிடுவதாக மிரட்டியிருக்கிறார்."

நீதிபதி எங்கள் வக்கீலைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் நான் பின்பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

"சொன்னது நெசந்தாங்கய்யா. ஆனா பாசமாத்தான் சொன்னேன்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. சாட்சியைக் கலைக்கும் முயற்சி இப்போதே தொடங்கிவிட்டது என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார்.

"அரசு வக்கீலுக்கு நீங்க வேலையே வைக்கல சார்" என்றார் எங்கள் வக்கீல், வெளியே வந்ததும்.

மூன்றாம் நாள் மகனைக் கைது செய்தார்கள். அந்த வாரமே மருமகளுக்கு வலி கண்டது. சிக்கலான பிரசவம். ஆபரேஷனுக்கு அவன் போட வேண்டிய கையெழுத்தை நான் போட்டேன். "அவரை ஒரு தடவை கூட்டிட்டு வர முடியாதா மாமா?" என்று ஸ்ட்ரெச்சரில் இருந்து கேட்டாள். நான் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடி ஆபரேஷன் தியேட்டர் கதவு வரை நடந்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் யார் யாரை அதட்டினாலும், "பாசமாத்தான் சொன்னேன்" என்பார்கள். ஆரம்பித்து வைத்தவன், ஜெயிலிலிருந்து திரும்பி வந்த மகன். அர்த்தம் தெரியாமல், அன்று பிறந்த பேத்தியும் சொல்கிறாள். எல்லோரும் சிரிப்போம். மருமகள் மட்டும் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி எழுந்து உள்ளே போய்விடுவாள்.