எச்சில் படாமல் குடித்த விஸ்கி

குடிக்காதவனை விஸ்கி விற்க அனுப்பினால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள். மற்றவர்கள் ஊகித்துச் சொல்வார்கள். நான் மூக்கால் அனுபவித்தவன்.

அது எனக்கு மூன்றாவது வேலை. முதல் இரண்டும் என் வாயால் போனவை. (ஒரு மேனேஜரிடம் "உங்களுக்கு ஒண்ணும் தெரியல" என்றேன். அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. அதுதான் வினை.) வெளிநாட்டுச் சரக்கு இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்று, தமிழ், தெலுங்கு, ஹிந்தி, ஆங்கிலம் நான்கும் பேசுகிறான் என்று என்னைச் சேர்த்துக்கொண்டது. நான்கிலும் சண்டை போடுவேன் என்பதை நான் சொல்லவில்லை. குடிக்க மாட்டேன் என்பதையும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

வேலை நிரந்தரமாக ஒரு பரீட்சை வைத்தார்கள். பேகம்பேட்டில் ஒரு ஓட்டலில் பார் முதலாளிகளைக் கூட்டி, ஸ்காட்லாந்து விஸ்கி ஒன்றை நான் அறிமுகப்படுத்த வேண்டும். ஆர்டர் வந்தால் வேலை. வராவிட்டால் வீடு.

வீட்டில் என் மனைவி கல்பனாவுக்கு ஏழாம் மாதம். மெட்டுகுடா வீட்டு வாசலில் நின்று சொன்னாள்: "இந்தத் தடவையாவது வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க. குழந்தை பொறக்கிற நேரத்துல வீட்ல வந்து உக்காந்துடாதீங்க."

"நான் எங்க வாயைத் திறக்கிறேன்?" என்று கத்தினேன்.

விஸ்கியின் வரலாற்றை நெட்டுரு போட்டிருந்தேன். ஸ்காட்லாந்தில் பெருமை எல்லாம் மால்ட் விஸ்கிக்குத்தான். முளைகட்டிய பார்லியைச் செம்புப் பானையில் தவணை தவணையாகக் காய்ச்சுவார்கள். எங்கள் சரக்கு வந்த வடிசாலை அந்த ஜாதி இல்லை. அது தானிய வடிசாலை. ஒரு காலத்தில் மக்காச்சோளம், இப்போது கோதுமை. உயரமான தூண் மாதிரி ஒரு வடிகலன், ராப்பகலாக நிற்காமல் வடித்துக்கொண்டே இருக்கும். வடித்ததை ஓக் பீப்பாயில் வருஷக்கணக்கில் ஊறப்போட்டு, கடைசியில் ஊர் பேர் தெரியாமல் அடுத்தவன் பாட்டிலில் கலந்துவிடுவார்கள். (படிக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உழைப்பு ஒருத்தன், லேபிள் இன்னொருத்தன்!)

முன்வரிசையில் கௌஸ் பாய் உட்கார்ந்திருந்தார். நாலு பார் வைத்திருப்பவர். அவர் வாங்கினால் மற்றவர்கள் வாங்குவார்கள். வெள்ளை வெளேரென்று குர்தா. நான் மக்காச்சோளம் என்றதுமே கையை வீசினார்.

"நக்கோ மியா, நக்கோ. யே தோ மிலானே கி சீஸ் ஹை." (வேண்டாமப்பா, இது கலக்கிற சரக்குதானே.)

முன்னால் வைத்த கோப்பையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு நாக்கு துடித்தது. கல்பனாவை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

என் மேனேஜர் சென்னைக்காரர். நிலைமையைக் காப்பாற்ற எழுந்து வந்தார். ஒரு கோப்பையை எடுத்து முகர்ந்தார், ஒரு வாய் உறிஞ்சினார், கண்ணை மூடி "ஆஹா" என்றார். பிறகு அதே கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் ஒரு சிப் குடிச்சுக் காட்டுங்க. டேஸ்ட் எப்படின்னு சொல்லுங்க."

குடிப்பதா என்பதல்ல என் தலையில் முதலில் ஓடியது. இது அவர் எச்சில் ஆயிற்றே என்பதுதான் ஓடியது. எங்கள் வீட்டில் சொந்தத் தம்ளரிலேயே வாய் வைக்க மாட்டோம். தண்ணீரோ, மோரோ, காபியோ, அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம். கை தானாக உயர்ந்தது. தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. ஒரு முழ உயரத்திலிருந்து கோப்பையைக் கவிழ்த்தேன்.

அது பீப்பாயிலிருந்து தண்ணீர் சேர்க்காமல் எடுத்த சரக்கு. பாதி தொண்டையில் இறங்கியது. பாதி மூக்குக்குப் போனது. அடுத்த நொடி உள்ளே போனது அத்தனையும் ஒரு தும்மலாகத் திரும்பி வந்து கௌஸ் பாய் முகத்திலும் குர்தாவிலும் இறங்கியது.

(வாயை மூடிக்கொள் என்று சொன்ன மனைவியின் பேச்சைக் கேட்காத பலன்.)

என் கண்ணிலிருந்து தாரையாக ஊற்றியது. மேனேஜர் "சாரி சார், சாரி சார்" என்று காகிதத் துண்டோடு ஓடினார். கௌஸ் பாய் அவரைத் தள்ளிவிட்டு, குர்தாக் கையால் முகத்தைத் துடைத்தார். துடைத்தவர் நின்றார். குர்தாக் கையை மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி கொண்டுபோனார்.

"அரே, நாரியல்?" என்றார்.

தேங்காய்தான். அந்த விஸ்கியில் தேங்காய் பர்பி வாசனை வரும் என்று நானும் படித்திருந்தேன். சொல்லத்தான் விடவில்லை.

"இத்னா அச்சா ஹை தோ கைக்கு சுப்பாயே?" (இவ்வளவு நல்லா இருந்தா எதுக்கு ஒளிச்சு வெச்சாங்க?)

மேனேஜர் ஏதோ மழுப்ப ஆரம்பித்தார். என்னால் முடியவில்லை. வேலை எப்படியும் போச்சு, பேசியாவது தொலைவோம் என்று ஹிந்தியில் வெடித்தேன்.

"பாய், உங்க ஊர் பிரியாணியில எல்லாரும் மட்டனைத்தான் பேசறாங்க. சோறு இல்லாம மட்டனைத் தட்டுல போட்டுப் பிரியாணின்னு குடுங்க, அடிப்பாங்க! எல்லார் பாட்டில்லயும் இதுதான் பாய் சோறு. இதைப் போய் விஸ்கின்னு கூப்பிடலாமான்னு லண்டன்ல கேஸ் நடந்துச்சு. கடைசியில அரசாங்கமே கமிஷன் வெச்சு, இதுவும் விஸ்கிதான்னு சொல்லுச்சு. இப்பத்தான் சொந்தப் பேர்ல பாட்டில்ல வருது. நீங்க மோந்துகூடப் பாக்காம நக்கோங்கறீங்க!"

மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கௌஸ் பாய் என்னையே பார்த்தார். பிறகு தன் கோப்பையை எடுத்தார், நிதானமாக முகர்ந்தார், கொஞ்சம் தண்ணீர் விட்டு உறிஞ்சினார்.

"ஹவ் மியா," என்றார். ஆமாம் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்கு மற்றவர்களும் கோப்பையை எடுத்தார்கள்.

ஆர்டர் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த முறையும் நான்தான் வர வேண்டும், ஆனால் டவலோடு. வேலை நிரந்தரமாயிற்று. இன்றும் கௌஸ் பாய் பார்களில் அந்த விஸ்கியைப் பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை. 'சாவல்வாலி' என்பார்கள், சோற்று விஸ்கி. அதன் சொந்தப் பெயர் இங்கேயும் காணாமல் போனதில் எனக்குக் கோபம்தான். ஆனால் தனியாகக் கேட்டு வாங்குகிறார்கள், அது போதும்.

அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற கழுதை. ஆனால் ஒரு வாக்கியத்தை மட்டும் சுத்தத் தமிழில், கல்யாண வீட்டுப் பந்தியானாலும் ரயில் பெட்டியானாலும், நான் தண்ணீர்த் தம்ளரைத் தூக்கும்போதெல்லாம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வாள்:

"எல்லாரும் தள்ளி உக்காருங்க, அப்பா குடிக்கப் போறார்!"