ஆகச் சத்தமான குளிர் மெஷின்

சித்தாண்டியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற வேலையை விட்டுவிட்டுத் தெற்கு நோக்கி நடந்துகொண்டிருந்த காலையில்தான், உலகத்திலேயே அதிகமான கதவுகளை மூடிய மனிதரைச் சந்தித்தேன். வேலையை விட்டதற்குப் பெரிய காரணம் இல்லை. முதலாளிக்கு என் முகம் பிடிக்கவில்லை. எனக்கு அவருடைய வாய் பிடிக்கவில்லை.

ஏறாவூர் வந்ததும் தாகம். தண்ணீர் கேட்கலாம் என்று, வெளிநாட்டுக்குப் பேசுகிற கொமினிகேஷன் கடையொன்றுக்குள் நுழைந்தேன்.

"கதவ மூடு தம்பி!"

மூடினேன்.

"மறுகா சொல்லு, என்ன வேணும்?"

அவர்தான் கதவுக் காக்கா. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். கதவு, பசார் கொடுத்த பட்டம். ஓடுகிற பஸ்ஸின் கதவை மூடி, மிதிபலகையில் தொங்கியவரின் விரலை நசுக்கியவர். சாவு நடந்த மையத்து வீட்டுக்குப் போனாலும் திறந்து கிடக்கும் அலுமாரியை மூடிவிட்டுத்தான் ஸலாம் சொல்வார். யாராவது கொட்டாவி விட்டால்கூட அவருக்குக் கை பரபரக்கும்.

அவருடைய கடையில் ஒரு தொலைபேசிக் கூடு இருந்தது. ஓர் ஆள் உட்காரலாம், இன்னோர் ஆள் நிற்கலாம். மூன்று அடுக்குப் பலகை, நடுவில் சாக்கு, ஊசி நுழைய இடமில்லை. அந்த யுத்தக் காலத்தில் ஒரு வீட்டுப் பேச்சு வெளியே போனால் அந்த வீட்டில் ஓர் ஆள் குறையலாம். ஆகவே உள்ளே பேசுவது வெளியே கேட்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். சட்டம் நன்றாக வேலை செய்தது. கூடுதான் பாண் சுடுகிற போறணைபோலக் கொதித்தது.

"போன கிழமை ஒரு பொம்புள மயங்கி விழுந்திட்டா. புருஷன் சவூதியில நிண்டு ஹலோ ஹலோ எண்டு கத்துறான். இண்டைக்கு ஒரு குளிர் மெஷின் வாங்கிறதுதான். உனக்கு வேல இருக்கா?"

"காலையிலதான் விட்டன்."

"முதுகு அகலமாத்தான் இருக்கு. வா, காத்தான்குடிக்குப் போவம்."

சுவரோரம் கிடந்த வாங்குப் பலகையில் ஒரு பெண் குந்தியிருந்தார். பாக்கியம் அக்கா, ஊர் கல்குடா. மகன் வெளிநாட்டிலிருந்து நாலு மணிக்குக் கோல் எடுப்பானாம். இயக்கத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆளைக் கேட்டு வந்தவர்களிடம், மகன் பழுகாமத்துக்கு அறுவடைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டு, அவனை விமானம் ஏற்றியிருந்தார். போய்ச் சேர்ந்தானா என்று தெரியாது. போனது வெளியே தெரிந்தால் அடுத்ததாக மகளைக் கேட்பார்கள். அதனால்தான் தன் ஊரை விட்டு இந்தக் கூட்டைத் தேடி வந்திருந்தார்.

"பயப்படாத புள்ள," என்றார் காக்கா. "நாலு மணிக்கு நீ குளிர்ல இருந்து பேசுவாய்."

காத்தான்குடிக் கடையில் உருட்டிக்கொண்டு போகக்கூடிய மெஷின்கள் மூன்று நின்றன. கடைக்காரர் முதலாவதைத் தடவினார்.

"இது சத்தமே போடாது காக்கா."

"சத்தம் போடாட்டி என்னத்துக்கு அது?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். காக்கா என்னையும் மெஷினையும் களஞ்சிய அறைக்குள் தள்ளிக் கதவை மூடி, வெளியே காதை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"பேசுடா!"

"என்னத்தப் பேச?"

"ரகசியம் பேசு!"

என்னிடம் அப்போது ரகசியம் எதுவும் இருக்கவில்லை. ஆலை முதலாளியைப் பற்றி மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"கேக்குது! கெட்ட வார்த்தை எல்லாம் துப்பரவாக் கேக்குது!"

இரண்டாவது மெஷினுக்குப் பாதி கேட்டது. மூன்றாவது, துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த பழையது. போட்டதும் ஆலைக்கே திரும்பிவிட்டேனோ என்று நினைத்தேன். தொண்டை கிழியத் திட்டினேன். கதவு திறந்தது. காக்காவின் கண் கலங்கியிருந்தது.

"ஒண்டுமே கேக்கல்ல! இதத் தாங்க."

"காக்கா, இந்தப் பின்குழாய வெளிய விடணும். சூடு இதாலதான் போகும். பலகையில ஒரு ஓட்டை போட்டா..."

"ஓட்டையா? அதால சூடு மட்டுமா போகும்? கதையும் போயிரும்!"

திரும்பும் வழியில் காவலரணில் மறித்தார்கள். குழாயைக் கண்ட சிப்பாய் இரண்டடி பின்வாங்கினான். குளிர் மெஷின் என்றோம். நிரூபிக்கச் சொன்னான். நிரூபித்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சிப்பாயாக வந்து, தன் சட்டைப் பொத்தானைக் கழற்றி மெஷினுக்கு முன்னால் நின்றபடி எங்களைச் சோதனை செய்தார்கள்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கக் கூட்டுக்குள் மெஷினை வைத்தோம். குழாயை மலைப்பாம்புபோலச் சுருட்டி மூலையில் விட்டார் காக்கா. தொலைபேசி மணி அடித்தது. பாக்கியம் அக்கா கூட்டுக்குள் ஓடிப்போய்க் கதவை மூடி, உள்கொளுக்கியைப் போட்டார். மெஷின் உறுமியது.

அது உறுமியதும் அக்காவுக்கு மகனின் குரல் கேட்கவில்லை. கேட்காததால் அக்கா கத்தினார்.

"ஆரு? மகனா? கேக்கல்ல மனே! எங்க நிக்காய்? டோஹாவா?"

மூன்று அடுக்குப் பலகையையும் மெஷினையும் தாண்டி, அந்தக் குரல் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்க் கடையில் முடி வெட்டிக்கொண்டிருந்தவரின் கத்தரிக்கோல் நின்றது. காக்காவின் முகம் வெளுத்தது. மெஷின் சுவிச்சு உள்ளே. கொளுக்கியும் உள்ளே.

அடுத்த கணம் என் சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தார்.

"கள்ளன்! கள்ளன்! புடிங்க!"

"காக்கா, நான் என்ன..."

"கத்துடா தம்பி," என்றார் காதுக்குள். "அந்தப் புள்ளைக்காகக் கத்து!"

விளங்கியது. ஆலையில் படித்த அத்தனையையும் அவர்மீது கொட்டினேன். அவரும் என் பரம்பரையைத் தோண்டினார். பசார் திரண்டது, எல்லோருடைய முதுகும் கூட்டின் பக்கம்.

"என்னத்தக் களவெடுத்தான் காக்கா?" என்று கேட்டார் ஒருவர்.

காக்கா இதை யோசித்து வைத்திருக்கவில்லை.

"கதவ!" என்றார்.

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். அது அங்கேயே இருந்தது. அதைப் பற்றி இன்னும் பத்து நிமிடம் விவாதம் நடந்தது.

கூட்டம் கலைந்த பிறகு பாக்கியம் அக்கா வெளியே வந்தார். வாவியில் முங்கி எழும்பியவர்போல உடல் நனைந்திருந்தது.

"மத்தக் காதப் பொத்திக் கேட்டன் காக்கா. இறங்கிட்டானாம். சோறும் திண்டானாம்."

"அல்ஹம்துலில்லாஹ். உள்ள சூடா இருந்திச்சா புள்ள?"

"தெரியல்லயே," என்றார் அக்கா. சிரித்தார், அழுதார், கடைசி பஸ்ஸுக்கு ஓடினார். காக்கா வாங்கில் சரிந்து உட்கார்ந்தார். அன்று கதவு திறந்தே கிடந்தது. அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் மெஷின் காத்தான்குடிக்கே போயிற்று. கூட்டுக்குள் சத்தமில்லாத மேசை விசிறி ஒன்று வந்தது. பசார் என்னைக் கள்ளனாக அறிந்துவிட்டதால் வேறு யாரும் வேலை தரமாட்டார்கள் என்று, காலையிலேயே காக்கா எனக்கு ஒரு வேலை தந்தார். உள்ளே பேசுகிறவர்களின் குரல் உயர்ந்தால், தெருவில் நின்று அவரோடு சண்டை பிடிக்க வேண்டும். இரண்டு வருடம் அந்த வேலை பார்த்தேன். வேலை நேரம் தவிர, அவரோடு ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை.