பந்து பொறுக்குகிறவர் வீட்டிலிருந்து

மெல்பேர்ண்,
14-07-1974

பேரன்புள்ள அண்ணன் விக்னராஜா அவர்களுக்கு,

பந்து பட்ட இவருடைய இடது கைச் சுண்டுவிரலையும் தாடையையும் தவிர நாங்கள் இருவரும் பூரண நலம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க நல்லூரான் துணை.

"பந்து பொறுக்கித் திரிகிற மனிதனை ஓர் உத்தியோகத்தில் இருத்து, இல்லாவிட்டால் நீ வெளிக்கிட்டு வா" என்று எழுதியிருந்தீர்கள். பந்து பொறுக்குவதுதான் அண்ணை, என் கணவரின் உத்தியோகம். பேஸ்போலில் ஒருவன் அடித்த பந்து நிலத்தில் உருண்டு வரும். அவன் முதல் மூலைக்கு ஓடிச் சேருமுன் அதைப் பொறுக்கி அங்கே நிற்கிற நம்மவனுக்கு எறியவேண்டும், எறிந்தால் அவன் அவுட். அதற்குக் கழகம் சம்பளம் கொடுக்கிறது. வார நாட்களில் பிஸ்கற் தொழிற்சாலையில் நிற்கிறார் என்பதும் உண்மை, மறைக்கவில்லை.

ஏழு வருடத்தில் ஐந்து கழகம் மாறினார் என்கிறீர்கள். அவரா மாறினார்? சிட்னியின் லிட்கம் பகுதியில், முதற்கழகத்தில் இவருடைய இடத்துக்குத் தலைவரின் மருமகன் வந்து சேர்ந்தான், இரண்டாவது கழகத்தின் மைதானத்துக்குக் குறுக்கே வீதி போட்டுவிட்டார்கள், மூன்றாவதில் எவன் காலை முறித்தாலும் அந்த இடத்தில் இவரை விட்டார்கள், கால்கள் எல்லாம் சுகமானதும் இவருக்கு இடமில்லை, நாலாவது கழகம் இவரை மெல்பேர்ணுக்குக் கொடுத்துவிட்டு மாற்றாக ஓர் உயரமான ஆளையும் இரண்டு தலைக்கவசங்களையும் வாங்கிக்கொண்டது. சிரிக்கவேண்டாம். ஆள் மட்டும் போதாது, தலைக்கவசமும் வேணும் என்று கேட்டிருக்கிறார்கள் என்றால் இவருடைய பெறுமதி என்ன? பத்திரிகையிலும் பெயர் வந்தது. தேவராஜா என்பது இவர்களின் வாயில் நுழையாததால் 'டேவ் ராஜர்' என்று போட்டார்கள், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்கிறேன். உங்கள் கடிதம் கண்ட வெட்கத்தில், இவரைக் கையோடு கூட்டி வருவதென்றே நேற்று மைதானத்துக்குப் போனேன். நல்ல குளிர். எனக்குப் பின்னாலிருந்த ஒருவன், "அந்தக் கறுவல் நிற்கிற பக்கம் பந்தை அடியுங்கள், பிடிக்கமாட்டான்" என்று கத்தினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்த வாங்கிலேயே ஏறி நின்று, "இஞ்சாருங்கோ, விடாதேங்கோ!" என்று கத்தினேன். பெண்சாதியின் குரல் கேட்டுத் திரும்பினவரின் தாடையில் பந்து பட்டது. விழுந்தார். விழுந்தபடியே பொறுக்கி எறிந்தார். அடித்தவன் அவுட். ஆட்டமும் முடிந்தது. பின்னாலிருந்தவனை நான் திரும்பிப் பார்த்தேன். அவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணை, உங்களுக்குத் தெரிந்த எந்த உத்தியோகத்தனாவது ஒருநாள் இப்படி விழுந்து எழும்பியிருக்கிறானா? நான் வரமாட்டேன். அவரும் விடமாட்டார். இதற்கு மேல் இதைப்பற்றிக் கதையில்லை.

அண்ணிக்கு என் அன்பும் பிள்ளைகளுக்கு முத்தங்களும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிய முடியாத தங்கை
சிவனேஸ்வரி

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் இவர் குசினி வாசலில் வந்து நின்றார். "இஞ்சாரும், நான் பேஸ்போலை விட்டிட்டன். காலமை போய்ச் சொல்லிப்போட்டு வந்தனான். கொண்ணர் கடிதத்திலை எழுதினது சரிதான்" என்றார், வீங்கின தாடையோடு. "ஆரைக் கேட்டு விட்டனீங்கள்? நான் இப்பத்தான் அண்ணைக்கு எழுதி முடிச்சனான். திரும்பிப் போய்ச் சேருங்கோ" என்றேன். சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.