அடுத்த வாரம் வந்துடுவா

"அங்க விரிக்காதீங்க. அது என் வீட்டுக்காரி இடம்."

கண்ணாடிக்கடைக்காரர் போட்ட சத்தத்தில், ஜன்னலோரம் பாயை விரிக்கப்போன தையற்கடை அம்மா அப்படியே நின்றுவிட்டாள். யோகா வகுப்பே திரும்பிப் பார்த்தது. அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"அடுத்த வாரம் வந்துடுவா" என்று சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்காரி இறந்து இரண்டு மாதமாகியிருந்தது.

அவள் வருஷக்கணக்காக வந்த வகுப்பு அது. "மூச்சு விடறதுக்கெல்லாமா வகுப்பு?" என்று கிண்டலடித்தே காலத்தை ஓட்டியவர் இவர். இப்போது ரத்தக்கொதிப்பு ஏறி, மனதை லேசாக்கிக்கொள்ளச் சொல்லி டாக்டர் அனுப்பி வைத்திருந்தார். மூச்சை இழுத்தால் பாதியிலேயே நின்றது. தோள் இரண்டும் காதுவரை ஏறி உட்கார்ந்திருந்தன.

"தோளைத் தளர்த்துங்க சார்" என்றாள் டீச்சர். தோள் கேட்டால்தானே!

"அக்கா எங்க போயிருக்காங்க?" தையற்கடை அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"பொண்ணு வீட்டுக்கு."

செத்துப்போய்விட்டாள் என்று அவர் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அவள் நிஜமாகவே போய்விடுவாள் என்று பயம்.

அடுத்த வகுப்புக்கு அந்தப் பொண்ணே அவரைக் காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, "அப்பா, ஒழுங்கா பண்ணுங்க!" என்று ஊருக்கே கேட்கக் கத்திவிட்டுப் போனாள்.

"அக்காவும் வந்துட்டாங்களா?" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

"இல்ல, அவ அங்கேர்ந்து அப்படியே தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டா."

"அக்கா அவங்க அம்மாவுக்கு ஒரே பொண்ணுன்னு சொல்லுவாங்களே?"

கண்ணாடிக்கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். தையற்கடை அம்மா தபால்காரரை ஒரு முறை முறைத்தாள். "சித்தப்பா பொண்ணா இருக்கும்."

"ஆமா! சித்தப்பா பொண்ணு!" முழுகப்போனவருக்குக் கட்டை கிடைத்தது. "கால் முறிஞ்சு கிடக்கு பாவம். இவதான் பாத்துக்கறா."

அதன்பிறகு வகுப்புக்கு வகுப்பு யாராவது ஒருவர் விசாரித்தார். அவரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "படுத்திருக்கிறவளுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டறாளாம். அதுலயும் விளம்பரம் மட்டும். செய்தி படிச்சா இவ அழுதுடுவா." தங்கச்சிதான் பொய். விளம்பரம் படிப்பது நிஜம். இவர் காய்ச்சலில் கிடந்தபோது அப்படித்தான் படித்தாள். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.

தையற்கடை அம்மா ஒருநாள் தைலம் கொண்டுவந்து கொடுத்தாள். இல்லாத தங்கச்சியின் முறியாத காலுக்கு!

வீட்டுக்கு எடுத்துப்போய் மேஜைமேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. நல்ல மனிதர்களை இப்படி ஏமாற்றுகிறோமே என்று கூசிப்போனார். இறந்தவளை வைத்தா நாடகம் போடுவது? முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டார். எல்லோரிடமும் சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிட்டு, வகுப்பிலிருந்தே நின்றுவிட வேண்டியதுதான். கூடத்தில் பெருக்குகிற அம்மாள் மட்டும்தான் இருந்தாள். அவளிடம் தைலத்தை நீட்டினார்.

"இதைத் தையற்கடை அம்மாகிட்ட குடுத்துடும்மா. தங்கச்சின்னு யாரும் இல்ல. என் வீட்டுக்காரி... செத்துப்போய்ட்டா. இனிமே வரமாட்டா. இத்தனை நாளா எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

சொல்லிவிட்டு, அவள் வாயில் கைவைத்து நிற்கப்போகிறாள் என்று காத்திருந்தார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"தெரியும்யா. அக்கா போன அன்னிக்கு நாங்க அத்தனை பேரும் உங்க வீட்டுக்கு வந்து நின்னோம், நீங்கதான் யாரையும் பாக்கல. அக்காவைப் பத்திப் பேசும்போது மட்டும்தான் உங்களுக்கு மூச்சு முழுசா வருதாம், அதனால வகுப்புக்கு ஒருத்தரா கேக்கணும்னு டீச்சர் முறை போட்டிருக்காங்க. இன்னிக்கு என் முறை, சொல்லுங்க, அக்கா எப்படி இருக்காங்க?"