திண்டிவனத்துக்கு ஒரு சாமுராய்

என் கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை வீட்டுப் பந்தியின் மேல் பந்தலைச் சாய்த்தவள் நான் என்று இன்றைக்கும் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தவறு. நான் வெட்டியது வாழைமரத்தை. பந்தல் சாய்ந்ததற்குப் பந்தல்காரரைத்தான் கேட்க வேண்டும்.

எண்பதுகளில் அப்பா விழுப்புரத்தில் ரயில்வே கார்டு. குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்திலேயே ஊழியர் மன்றம் இருந்தது. அதில் ஒரு நூலகம், ஒரு கறுப்பு வெள்ளை டிவி. பி.ஏ. முடித்துவிட்டு வரனுக்காகக் காத்திருந்த நான், அந்த நூலகத்தில் அட்டை போன ஒரு ஜப்பான் வரலாற்றுப் புத்தகத்தை எடுத்தேன். எடுத்ததோடு சரி, அதற்கப்புறம் நான் சாமுராய். அவர்கள் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிப்பார்கள் என்று படித்து நானும் குளித்தேன் (எங்கள் வீட்டில் வெந்நீர் போடும் வழக்கமே இல்லை என்பது வேறு விஷயம்). மண்டியிட்டு, குதிகாலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கால் மரத்துப்போய், ரசம் வருவதற்குள் சாய்ந்துவிடுவேன்.

டிவியில் ஒரு ஜப்பானியத் தொடர் வந்தது. அதில் எல்லோரும் இந்தி பேசினார்கள். எனக்கு ஜப்பான் மொழியும் தெரியாது, இந்தியும் தெரியாது. வாளை உருவிய பிறகு பேச்சு எதற்கு? ஒவ்வொரு வீச்சையும் கண்ணால் மனப்பாடம் செய்து, கொல்லைப்புறத்தில் தோசைக் கரண்டியை வைத்துப் பழகினேன். பிறகு அம்மா வழி உறவுக்காரர்களைப் பார்க்கக் கண்டாச்சிபுரம் போனபோது, அங்கிருந்த கொல்லரிடம் புத்தகத்துப் படத்தைக் காட்டி, பழைய லாரிப் பட்டை இரும்பில் முழங்கை நீளத்துக்கு ஒரு வாள் அடித்து வாங்கினேன்.

"இன்னாத்துக்கும்மா இது? கரும்பு வெட்டறதுக்கா?"

"வரலாறுங்க."

ஜப்பானில் நனைத்துச் சுருட்டிய பாயை வெட்டிப் பழகுவார்களாம். எங்கள் வீட்டில் பாயைத் தொட்டால் அம்மா என்னை வெட்டியிருப்பாள். அதனால் சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்த, குலை தள்ளி முடித்த வாழைகளை வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கூச்சல் உண்டு. அப்பாதான் நொந்துபோனார்.

"பேஜாரா கீதும்மா பத்மா. கார்டு வூட்ல டெய்லி கோழி புடிக்கிறாங்களான்னு ஸ்டேஷன்ல கேக்கறானுங்க."

அந்தச் சமயத்தில்தான் ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து வரன் அமைந்தது. சொந்த நிலம், வேர்க்கடலை விவசாயம்; எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அவருடைய தாய்மாமன் ஏழுமலைதான் அந்த வீட்டில் எல்லாம். குழம்பில் எத்தனை மிளகாய் போடுவது என்றுகூட அவரைக் கேட்டுத்தான் அவருடைய அக்கா, அதாவது என் வருங்கால அத்தை, போடுவார் என்று சொன்னார்கள். திண்டிவனத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். போர்க்குடிப் பெண்கள் புகுந்த வீட்டுக்குப் போகும்போது குறுவாள் எடுத்துப் போவார்கள் என்று என் புத்தகம் சொன்னது. நானும் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வாளை வைத்துப் பெட்டியைப் பூட்டினேன்.

முதல் நாள் மதியம் போய் இறங்கினோம். மண்டபத்துக்குப் பின்னால் துணிப் பந்தல் போட்டு, அதன் கீழ் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ராத்திரி பெய்த மழைத் தண்ணீர் பந்தல் துணியில் தொப்பையாகத் தேங்கி நின்றது. எங்கள் பெட்டியைத் தூக்கி வந்தவர் கால் வழுக்க, பெட்டி விழுந்து பூட்டுத் தெறித்து, புடவையோடு வாளும் வெளியே வந்தது. நேராக ஏழுமலை மாமாவின் இலைக்கு எதிரில்.

"இன்னா இது? நாங்க மல்லாட்டை ஆயறதுக்குப் பொண்ணு கேட்டோம். நீங்க சர்க்கஸ்லருந்து இட்டுக்கினு வந்துகீறீங்களா?" என்றார். பந்தியே சிரித்தது.

அப்பா பதறினார். "அது சும்மா வெளையாட்டுக்குங்க."

விளையாட்டு! அந்த ஒரு சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. "வெளையாட்டு இல்லீங்க. பழகியிருக்கேன்" என்றேன்.

"அப்பிடியா? அதோ மூலைல ஒரு வாழ நிக்குதே, அத வெட்டு பாக்கலாம்" என்று சாம்பார்க் கையாலேயே காட்டினார்.

கவனியுங்கள். காட்டியவர் அவர். குலை வெட்டிய மொட்டை மரம், சுற்றிலும் காய்ந்த சருகு தொங்கியது. புடவையை இழுத்துச் செருகினேன், மூச்சை இழுத்தேன், கூச்சலோடு ஒரே வீச்சு. சாய்வாக, சீராக, வெண்ணெயில் இறங்கியதைப் போல. மேல்பாதி ஒரு கணம் அசையாமல் நின்று, பிறகு வழுக்கி இறங்கியது. என் வாழ்நாளின் மிகச் சிறந்த வெட்டு.

முளை அடிக்கச் சோம்பல்பட்ட பந்தல்காரர், பந்தலின் மூலைக் கயிற்றை அந்த வாழையில் கட்டியிருக்கிறார். சருகு மறைத்ததால் எனக்குத் தெரியவில்லை. கம்பம் சாய்ந்தது, துணி இறங்கியது, தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஏழுமலை மாமாவின் தலையில் கொட்டியது. மிச்சம் பந்தி முழுக்க ஓடிச் சாம்பாரை ரசமாக்கியது.

துணிக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்தவரின் காதில் ஒரு அப்பளத் துண்டு ஒட்டியிருந்தது. "கல்யாணம் நின்னுபோச்சு! எல்லாரும் வண்டி ஏறுங்க!"

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "கால்ல வுயுந்து மன்னிப்பு கேளும்மா, ஜல்தி" என்று என் கையைப் பிடித்தார். கையை விடுவித்துக்கொண்டு, "சாப்பாடு கெட்டதுக்கு மன்னிப்பு கேக்கறேம்பா. வெட்டுனதுக்குக் கேக்க மாட்டேன். அவர்தான் வெட்டச் சொன்னாரு" என்றேன்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. அழுகை என்றுதான் நினைத்தோம். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்ப்பார், காதிலிருக்கும் அப்பளத்தைப் பார்ப்பார், மறுபடியும் குலுங்குவார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"யாரும் வண்டி ஏற வேணாம். வெட்டுன்னு சொன்னது நீ, வெட்டுனா அவ. இதுல கோவம் இன்னாத்துக்கு? போய் வேற வேட்டி கட்டிக்கினு வா."

தம்பிக்கு அக்கா உத்தரவு போட்டு அந்த ஊர் பார்த்தது அன்றுதானாம். மாப்பிள்ளையோ வாழையின் அடிப்பாதியைத் தடவிப் பார்த்துவிட்டு, "கரெக்டா வெட்டிக்கீறாங்க" என்று யாரிடமோ சொன்னதாகக் கேள்வி. மறுநாள் காலை தாலி ஏறியது. அதிலிருந்து அத்தை மிளகாயைத் தன் இஷ்டத்துக்குப் போடுகிறார்.

ஏழுமலை மாமா இப்போதும் வருவார். இலை போட்டதும் உட்கார மாட்டார். முதலில் தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பார். எங்களுடையது கான்கிரீட் வீடு. என் பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்து கேட்பார்கள்: "இன்னா தாத்தா பாக்கறீங்க?"

"ஃபேன் ஓடுதான்னு பாத்தேன்பா."

மார்கழி மாதத்தில்கூட அதே பதில்தான். பார்க்கட்டும்.