ஓட்டையெல்லாம் அடைத்த டாக்டர்

பல் டாக்டர் காருக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைக் கதவின் கீழ் விளிம்பில் காட்டி, ஊசியால் மெல்லக் குத்தினார். துரு பழுப்பாக உதிர்ந்தது.

"டாக்டர், உள்ளே ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார்" என்றாள் நர்ஸ்.

"மூடிக்கச் சொல்லும்மா. இங்கே அவசரம்."

அவசரம்தான். கார் அவர் மனைவியுடையது. கடலோ வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. அந்த உப்புக்காற்று ஜன்னல் கம்பி, கதவுக் கீல், கொடிக்கம்பி என்று எதையும் விட்டுவைக்காது.

மனைவிக்குப் பதவி உயர்வோடு வெளியூர் மாற்றல் வந்தபோது, "போகட்டுமா?" என்று கேட்டாள். போகாதே என்ற சொல் தொண்டை வரை வந்தது. ஆனால் பெரிய மனுஷத்தனமாக, "உன் இஷ்டம்" என்றார். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அங்கே ஆபீஸ் கார் உண்டு என்பதால், "இதையாவது பார்த்துக்கோங்க" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதாயிற்று ஒரு வருஷத்துக்கு மேல்.

டாக்டருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாயங்காலம் கிளினிக்கைப் பூட்டியதும் காரில் ஏறி, எப்போதும் தாம் உட்காரும் இடதுபக்க ஸீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். அவள் ஸீட் அவள் இழுத்து வைத்த இடத்திலேயே இருக்கும். அவள் இல்லாத வீடு அவருக்குப் பிடிக்கவேயில்லை. ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவருக்கு இதைச் சொல்லத் தம் வாயைத் திறக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறுதோறும் போன் வரும்.

"கார் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"துரு கிரு ஒண்ணும் இல்லையே?"

"சேச்சே."

பிறகு, "சரி, வைக்கட்டுமா?" என்பாள். அதற்கும் அவர், "உன் இஷ்டம்" என்பார்.

தமக்காக வராவிட்டாலும் காருக்காகவாவது வருவாள் என்று டாக்டர் நம்பிக்கொண்டிருந்தார். அதனால் கார் அவள் விட்டுப்போனபடியே இருந்தாக வேண்டும்.

முதல் காரியமாக, காற்றே படாதபடி தடித்த ரப்பர் உறை ஒன்று வாங்கிப் போர்த்தினார். உள்ளே ஈரம் புழுங்கி, மிளகளவு இருந்த துரு குஞ்சு பொரித்தது.

டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. சொத்தை என்றால் சுரண்டி அடைக்க வேண்டும், இதற்கு வேறு ஆள் எதற்கு? பல் குடையும் மிஷினை நீள வயரோடு வாசலுக்குக் கொண்டுவந்தார். சுரண்டச் சுரண்ட மிளகு எலுமிச்சை ஆயிற்று. பல் சிமென்ட்டைக் குழைத்து அப்பினார். வெள்ளைக் கார் அல்லவா, செயற்கைப் பல்லுக்கு நிறம் பார்க்கும் மாதிரிகளைக் கதவோடு வைத்து ஒப்பிட்டார். நர்ஸிடம் அபிப்பிராயம் கேட்டார்.

"சிகரெட் பிடிக்கிறவர் பல்லு மாதிரி இருக்கு டாக்டர்."

நிறத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

குனிந்ததுதான் குனிந்தோம் என்று மற்றக் கதவுகளையும் பார்த்தார். ஒவ்வொன்றின் அடியிலும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். அவருக்குப் பகீரென்றது. கிளினிக்குக்கு வந்தவர்களைக் கன்னத்தில் கைவைத்தபடியே திருப்பி அனுப்பிவிட்டு, அன்று முழுக்க ஒன்று விடாமல் அடைத்து மெருகேற்றினார். இடுப்பு நிமிர மறுத்தாலும் மனசு நிமிர்ந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அது ஓய்ந்த பிறகு கதவைத் திறந்தால் உள்ளே தளக் தளக்கென்று ஒரு சத்தம். யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள் நர்ஸ். கதவின் கீழ்ப்பக்கம் பூரா பொரிந்துபோயிருந்தது. டாக்டர் விரலை வைத்தார். விரல் உள்ளே போனது.

அந்த ஞாயிறு அவள் குரல் தளர்ந்திருந்தது. "நெஜமாவே கார் நல்லா இருக்கா?"

"புதுசு மாதிரி இருக்கு."

"இங்கேயே நிரந்தரமா இருக்கச் சொல்றாங்க. இந்த வாரம் பதில் சொல்லணும்."

அங்கேயே இருந்துவிடாதே, வந்துவிடு, என்னால் முடியவில்லை என்றெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. "ம்" என்றார்.

மறுநாளே, அவள் வழக்கமாகக் காரைக் காட்டும் மெக்கானிக்கை ரகசியமாக வரவழைத்தார். மெக்கானிக் குனிந்து, ஒரு சிமென்ட் அடைப்பைத் திருப்புளியால் நெம்பினார். செம்பழுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டி டாக்டரின் செருப்பை நனைத்தது.

"டாக்டர், இது மழைத்தண்ணி வடியறதுக்காகக் கம்பெனிக்காரனே விட்ட ஓட்டை. இதையா அடைச்சீங்க?"

டாக்டர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. காரும் போயிற்று, இனி அவள் எதற்கு இந்தப் பக்கம் வரப்போகிறாள் என்று மெக்கானிக்கிடமே புலம்பினார். எவ்வளவு செலவானாலும் சரி, தகடு மாற்றிப் பெயின்ட் அடித்துவிடுங்கள், விஷயம் மட்டும் அவள் காதுக்குப் போகவே கூடாது என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மெக்கானிக் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர், சொல்லாம இருக்க முடியாது. ஊருக்கு வர ஒரு சாக்கு கிடைக்காதான்னு, அம்மா மாசாமாசம் எனக்குப் போன் பண்ணி, 'இன்னுமா துருப்பிடிக்கலை?'ன்னு கேட்டுக்கிட்டிருக்காங்க."